அமாவாசையில் கேட்ட குரல்

ஆரணியில் பெண்கள் அமைப்பு திரையிட்ட படத்தில், வீதி நாடகம் போடும் பெண்ணொருத்தி, "அடிக்காதய்யா" என்று கத்தினாள். எனக்கு என்னை வளர்த்த சித்தியின் குரல் கேட்டது.

நான் வளர்ந்த நெசவாளர் ஊரான முள்ளிப்பட்டில் அமாவாசையன்று தறி ஓடாது. அதனால் என் சின்ன வயதில் ஓர் அமாவாசையன்று தெருவே கூடி, அடிவாங்கும் மனைவியாகச் சித்தி நடித்த நாடகத்தைப் பார்த்தது. சித்தப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "என் மானத்த வாங்கிட்ட இல்ல, இப்ப நடி" என்று பெல்ட்டைக் கழற்றினார். தறிச் சத்தம் இல்லாததால் சித்தியின் அலறல் தெருக்கோடிவரை கேட்டது. நாடகத்தில் கத்திய அதே வார்த்தைகள்தான். ஒத்திகை என்று நினைத்து ஒருவரும் வரவில்லை.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா சிரித்தாள். "நாடகத்தவிட வீட்ல நல்லா கத்தினியே, அடுத்த அமாவாசைக்கு இப்பவே பழகிகினு இருக்கியா?"

வீங்கிய கையிலிருந்து குடத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "ஆமாக்கா" என்றாள் சித்தி.