காட்டெருமையும் வர்க்கி நாடுகளும்

அந்தக் குல்லாக்காரர் யாருன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போற, பொண்ணா குடுக்கப்போற? பேரை நானே கேட்டதில்லை.

எங்கள் மாடி அறையில் ஒரு மழைக்காலம் தங்கியிருந்த வாத்தியார் அவர். ஒல்லி உடம்பு, குன்னூர்க் குளிருக்குக் குரங்குக் குல்லா. முதல் உலகச் சண்டை முடிந்ததும் ‘சேர்ந்து நிற்போம்’ என்று ஒப்பந்தம் போட்டுத் தோற்ற குட்டி நாடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். டீ குடிக்கும்போது எங்க ஊர் மொறுமொறு வர்க்கி ரொட்டியை உடைத்து, டம்ளரைச் சுற்றி நாடு நாடாக அடுக்குவார்.

“ஒண்ணா சேந்தும் ஏனுங்க தோத்தாங்க?” என்று கேட்டேன்.

“ஆளாளுக்குப் பயம் வேற வேறங்கம்மா. பக்கத்தூட்டுக்கு எதிரி வந்தா, நமக்கென்னன்னு கதவைச் சாத்தீட்டாங்க.”

“அட, எங்க தெருக்காரங்களேதான்!”

எங்கள் மூன்று வீட்டுக்கும் ஒரு பேச்சு இருந்தது: எந்த வீட்டில் மிருகம் நுழைந்தாலும் எல்லோரும் தட்டைத் தட்டிக்கொண்டு வர வேண்டும். கீழ்வீட்டுக்குக் கரடி பயம், எதிர்வீட்டுக்குக் குரங்கு, எனக்குக் காட்டெருமை.

மறுநாள் விடியும்போது என் முட்டைக்கோஸ் பாத்தியில் காட்டெருமை நின்றது. கத்தினேன். இரண்டு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. பேச்சில் சேராத வாத்தியார்தான் மாடிப்படியில் நின்று, அது போகும்வரை தட்டைத் தட்டினார்.

“இதெல்லாம் தோத்துப்போகும்னு எழுதறவரு, நீங்க எதுக்குங்க வந்தீங்க?”

“கூப்பிட்டீங்களேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, வர்க்கியை மறுபடி அடுக்க உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்றைக்கே இரண்டு வீட்டு வாசலிலும் போய்ச் சொன்னேன்: “கரடி வந்தாலும் குரங்கு வந்தாலும் ஒரு சத்தம் குடுங்க, தட்டோட நான் வருவேன். கதவை மட்டும் கொஞ்சம் தொறந்து வைங்க, வேடிக்கை பாக்கவாச்சும்!”