செனோபியாவின் மகன் ஆட வந்த நாள்

செனோபியா கொல்க்கே, காற்று மெலிந்த உயர்ந்த மலையூரான பொத்தோசியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தையில் கலாபுர்கா விற்பவள். மக்காச்சோள மாவுக் கூழில் நெருப்பில் பழுத்த கல்லைப் போட்டு, அது கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தை நீட்டுவாள். மேலே பன்றி வறுவலும் மிளகாயும் கிடக்கும். அந்த ஊர்க் குளிருக்கு அதைவிட்டால் வேறு மருந்தில்லை. ஆனால் சமவெளியிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் கோகா இலைத் தண்ணீர்தான். பிறகு கூழ், அதுவும் அரைக் கிண்ணம். இன்னும் வேண்டும் என்று கேட்டால், "மெல்ல நட, கொஞ்சமாத் தின்னு, தனியாப் படு. மலையேறி வந்தா மூணும் சட்டம். மூணாவதை உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிக்கோ" என்பாள். பக்கத்துக் கடைகளெல்லாம் சிரிக்கும்.

அவளுக்கு ஒரே மகன், எல்மர். அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது கீழே சமவெளி நகரமான சாந்தா குரூஸிலிருந்து வந்த கால்பந்து அணிக்காரர் ஒருவர், அவன் தெருவில் பந்தாடுவதைப் பார்த்துவிட்டுக் கையோடு அழைத்துப் போனார். அதன்பின் இவள்தான் மகனைப் பார்க்க இறங்கிப் போவாள்; அந்தப் புழுக்கம் தாங்காமல் இரண்டே நாளில் ஏறி வந்துவிடுவாள். அவன் மேலே வந்ததே இல்லை.

பதினோரு ஆண்டு கழித்து, மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், அவன் அணி பொத்தோசியில் ஆட வந்தது. சமவெளி அணிகள் முந்தின இரவு இதைவிடத் தாழ்ந்த ஊரான சுக்ரேயில் தங்கி, ஆட்டத்தன்று காலையில் மலையேறி, மூச்சுத்திணறல் முழுதாகப் பிடிக்கும் முன் ஆடி முடித்து, மாலையே இறங்கிவிடும். எல்மருக்கு முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது அன்றுதான். அம்மாவைப் பார்த்து வரப் பயிற்சியாளர் ஆர்செனியோ ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்.

"பஸ்லயே சோறும் வாழைப்பழமும் குடுத்துட்டாங்கம்மா. ஆட்டம் முடியிற வரைக்கும் வேற எதையும் தொடக் கூடாதாம்."

"அதை அவரு காம்பாப் பசங்களுக்குச் சொல்லியிருப்பாரு. நீ இந்த மலைல பொறந்தவன்னு அவருக்குத் தெரியாதா?"

காம்பா என்பது சமவெளிக்காரனுக்கு இந்த ஊரில் வைத்திருக்கும் பெயர். சொல்கிற தொனியைப் பொறுத்து அது கேலியாகவும் இருக்கும், வசையாகவும் இருக்கும்.

பக்கத்தில் கிழங்கு விற்கும் பாசிலியா எட்டிப் பார்த்தாள். "அடியே, பையன் உதடு என் ஊதாக் கிழங்கு மாதிரி இருக்கு. முதல்ல கோகாத் தண்ணியக் குடு."

"எம்புள்ள என்ன விருந்தாளியா? நீ உன் கிழங்கப் பாருடி."

கிண்ணத்தை விளிம்பு தட்ட நிரப்பினாள். எல்மர் கூழைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கரண்டியை எடுத்தான். அது காலியானதும், "சின்னப் புள்ளைல மூணு திம்பியேடா" என்று இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தான். நெற்றி வியர்க்க அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பதினோரு ஆண்டும் அவளுக்கு ஒன்றுமில்லாமல் போயின.

அரங்கில் முதல் இருபது நிமிடம் எல்மர் மான்போல ஓடினான். பிறகு இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். மறுபடி ஓடினான். கோட்டோரத்தில் மண்டியிட்டு வாந்தியெடுத்தான்.

"காம்பா, ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டாந்தியாடா?" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"மெத்தை போடுங்கப்பா, தம்பி தூங்கப் போறாரு!"

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த செனோபியா எழுந்துவிட்டாள். "அவன் இந்த ஊருக்காரன்டா!"

"அப்படியாக்கா?" என்றான் பின்னால் இருந்தவன். "நம்ம ஊருக்காரன் எதுக்கு மூச்சுக்குப் பிச்சையெடுக்கிறான்?"

எல்மரை வெளியே எடுத்து, முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தார்கள். அவன் அணி மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது.

பேருந்து புறப்படும் இடத்துக்கு அவள் ஓடிப் போனாள். படியருகே ஆர்செனியோ அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லு. என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடல சார்."

"அப்ப உன் நெஞ்சுதான் தாங்கல."

போட்டித்தொடரில் மலை ஊர்கள் பல. மலை தாங்காதவன் பாதி ஆட்டக்காரன்தான். அது அவளுக்கும் தெரியும். கையெட்டும் தூரத்தில் நின்றாள். உண்மையைச் சொன்னால் சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்று அவனைத் தண்டிப்பார்களே என்று தயங்கினாள். அத்தனை பேர் முன்னால், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் பெற்ற பிள்ளையைக் கெடுத்தாள் என்று ஆகிவிடுமே என்றும் தயங்கினாள். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பேருந்து போய்விட்டது.

அதன்பின் எல்மருக்கு ஆட இடம் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவில் அணி அவனை விட்டுவிட்டது. சமவெளியிலேயே, மொந்தேரோ என்ற ஊரில், ஒரு டயர் கடையில் சேர்ந்தான். தொலைபேசியில் பேசும்போது அந்த ஞாயிற்றைப் பற்றி அவன் ஒருநாளும் பேச்செடுத்ததில்லை.

அடுத்த ஆண்டு அதே அணி வந்தபோது, செனோபியா அரங்க வாசலில் ஆர்செனியோவை மறித்தாள்.

"எல்மர் அன்னிக்கு ஒண்ணும் சாப்பிடலன்னது பொய் சார். நான்தான் ரெண்டு கிண்ணம் கலாபுர்கா ஊத்தினேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டு கிண்ணமா? அதைக் குடிச்சிட்டா இருபது நிமிஷம் அப்படி ஓடினான்?"

"ஆமா சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நாலு திட்டுத் திட்டிட்டு, அடுத்த ஆட்டத்துல இறக்கியிருப்பேன்."

"இப்ப கூப்பிட்டுக்க முடியாதா?"

"அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு. அவனும் ஒரு வருஷமா ஆடல." அவர் உள்ளே போய்விட்டார்.

செனோபியா சீட்டு வாங்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டது. சாயங்காலம் மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, யாரு ஜெயிச்சாங்க?" என்றான் எல்மர், எடுத்ததும்.

"தெரியலடா. நான் உள்ள போகல."

"பார்த்திருக்கலாம்ல. இந்த வருஷம் நல்ல பசங்க" என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லத் தொடங்கினான். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.