பந்து என் கையில், பிழைப்பு பத்துப் பேர் கையில்

பந்து வீசுகிறவனின் பிழைப்பு மற்றப் பத்துப் பேருடைய கைகளில் இருக்கிறது என்பது, அவன் வீச ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கே தெரியவரும். வெயிலில் ஓடி ஓடிப் பந்து போட்டு, பிடிக்க வேண்டியவன் பிடிக்காமல் விட்டதில் வயிறெரிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் நான் பதிலி. யாராவது லீவு போட்டால்தான் எனக்கு வேலை. தங்கராசுவும் பதிலிதான். மில் கிரிக்கெட் டீமில் நாங்கள் இரண்டு பேரும் வேகப்பந்து போடுவோம். நிரந்தர வேலை ஒன்று காலியானது. சீசன் முடியும்போது யார் அதிக விக்கெட் எடுத்திருக்கிறானோ அவனுக்கு அந்த இடம் என்று மானேஜர் சொல்லிவிட்டார். மனுஷருக்கு கிரிக்கெட் தெரியாது. சாயங்காலம் எத்தனை விக்கெட் என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

முதுகுக்குப் பின்னால் போன கைகள்

பாளையம்பட்டியில் மேட்ச். என் முதல் ஓவரிலேயே பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு நேராக ஸ்லிப்புக்குப் போனது. அங்கே நின்றவன் கோவிந்தராஜ், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு பேசுவான், எங்களிடம் தமிழ். மில் வேலை முடிந்தால் வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிடுவான். கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். அவனோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்று பந்துக்கு வழிவிட்டான். பந்து பவுண்டரிக்கு ஓடியது. இப்படி ஒரு ஃபீல்டிங்கை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

என்னடா இது என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவனுக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. வீட்டில் கல்யாணச் சேலை தறியில் இருக்கிறது, முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்றான். பிறகு எனக்கே ஆறுதல் சொன்னான்.

“விரலு வீங்குனா தறியில கை வைக்க முடியாதுண்ணே. ஒங்களுக்கென்ன, அடுத்த பந்து இருக்குல்ல.”

அண்ணாந்து பார்த்தவர்

நரிக்குடிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் விளையாடினோம். என் பந்தை ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தான். பந்து நெட்டுக்குத்தலாக மேலே போனது. கீழே பெருமாள்சாமி அண்ணன் தயாராக நின்றார். எம்.ரெட்டியபட்டிக்காரர், மானாவாரி நிலத்தை உழுது போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தவர். அண்ணாந்து பார்த்தபடியே நின்றதால் கேட்ச் உறுதி என்று நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பந்து அவர் காலடியில் பொத்தென்று விழுந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிழக்கே கருத்துத் திரண்ட மேகத்தைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறப் புறப்பட்டார். ஓவர் பாதியில் நிற்கிறதே என்று பின்னாலேயே ஓடினேன்.

“பந்து தெனமும் மேல போகும் தம்பி. இந்த மேகம் தெனமும் வருமா? நான் வெதைக்கப் போறேன்.”

மாப்பிள்ளை ஆட்டம்

திருச்சுழி டீமோடு விளையாடியபோது நடந்தது இது. பந்து மட்டையில் உரசிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் கீப்பரும் அழகாகப் பிடித்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் அவுட் அவுட் என்று கத்தினேன். அம்பயர் கீப்பரைப் பார்த்தார். கீப்பர், படவில்லை என்று தலையாட்டிவிட்டார். ஓவர் முடிந்ததும் கீப்பரிடம் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மட்டையோடு நின்றவருக்கும் கீப்பரின் தங்கைக்கும் போன வாரம்தான் நிச்சயம் ஆகியிருக்கிறது.

“நாளைக்கு எங்க வீட்டு வாசலுக்கு வரப்போறவுக. அவுகளப் போய் நானே எப்படிப்பா வெளிய போகச் சொல்லுவேன்?”

மெதுவான பந்து

கடைசி மேட்சுக்கு முன்பு எனக்கும் தங்கராசுவுக்கும் விக்கெட் சமம். அன்றைக்கென்று பார்த்து எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கினால் உயிர் போனது. வேறு வழியில்லாமல் மெதுவாகப் போட்டேன். சின்னப் பிள்ளைகூட அடிக்கும் பந்துகள். எதிர் டீம்காரர்கள் ஆசை ஆசையாகத் தூக்கி அடித்தார்கள். பந்து சாவகாசமாக மேலே போய் சாவகாசமாக இறங்கியது. அப்படி வந்தால் யாருக்கு என்ன பயம்? எல்லாரும் பிடித்தார்கள். கோவிந்தராஜ்கூடத் திருநீறு வாங்குவது போல் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டான்.

மறுபக்கம் தங்கராசு போட்ட பந்து மாதிரி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. ஓவருக்கு ஒன்று மட்டையின் ஓரத்தில் பட்டுப் பறந்தது. பறந்த பக்கமெல்லாம் ஆட்கள் ஒதுங்கினார்கள். ஒருவர் தலையில் பட்டுவிடுமோ என்று கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். அவனுக்குக் கடைசிவரை ஒரு விக்கெட்கூட விழவில்லை. அவ்வளவு நல்ல பந்துக்கு இப்படி ஒரு கதியா என்று எனக்கே இருந்தது.

மானேஜர் வழக்கம்போல் கேட்டார். வேலை எனக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார். தங்கராசுதான் நன்றாகப் போட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் விக்கெட் எங்கே என்றார். தங்கராசு சிவகாசிப் பக்கம் வேலை தேடிப் போகிறேன் என்றான். கோபமாக இருப்பான் என்று பயந்துகொண்டே கூட நடந்தேன். அவன் என் தோளில் கை வைத்து, வலி இருக்கிறதா என்று விசாரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ் வந்ததும் ஏறி நின்றுகொண்டு சொன்னான்.

“ஏலே, நானும் சும்மா போட்டிருந்தா பொழச்சிருப்பேன். நல்லாப் போடணும்னு நெனச்சேன் பாரு.”

அந்த மில்லிலேயே வேலை பார்த்து ரிட்டயரும் ஆகிவிட்ட நான், இன்றைக்கும் யாராவது ஒரு பவுலருக்கு இத்தனை விக்கெட் என்று மெச்சினால், பிடித்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.