குவாரிப் பள்ளத்தில் தள்ளுகிறவர்

கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இது ராத்திரியில் நடக்கவில்லை, ஆளில்லாத காட்டிலும் நடக்கவில்லை. மழை விட்டிருந்த பட்டப்பகல், மத்தியானம் மூன்று மணி. நாலு பேர் கண்முன்னால் நடந்தது. அதில் மூன்று பேர் இன்றைக்குக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நாலாவது ஆளால் சொல்ல முடியாது.

சேற்றில் புதைந்த லாரி, சாலையோரம் கவிழ்ந்த வேன், எதுவானாலும் போய் இழுத்து வருகிற பட்டறை அது. அங்கே பெல்ட் பார்க்கிற வேலை அவளுக்கு. பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு நெய்த பட்டை, புதைந்த வண்டிக்கும், மீட்பு வண்டியில் இரும்பு ரோப்பைச் சுற்றி இழுக்கிற வின்ச்சின் கொக்கிக்கும் நடுவில் மாட்டுவது. பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று, சிவப்பு ஐந்து. ஓரத்தில் தைத்த சீட்டிலும் எடை போட்டிருக்கும். வேலை முடிந்து வரும் பெல்ட்டைக் கழுவிக் காயவைத்து, கையால் தடவிப் பார்ப்பாள். ஓரம் பிய்ந்திருந்தாலோ, சூட்டில் உருகி வழவழத்திருந்தாலோ அதன் ஆயுசு முடிந்தது. உடனே இரண்டாக வெட்டிவிட வேண்டும். முழுசாக விட்டால் அவசரத்துக்கு எவனாவது எடுத்து மாட்டிவிடுவான்.

அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தது அவள் புருஷன். வெட்டுவதற்கு முன் சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் ஒரே இழுப்பு, சாய்வாக. துணி துவைக்கும்போது பையிலிருந்து சீட்டுகளாக வரும்.

"சம்பளத்தைக் கொண்டுவாங்கன்னா சீட்டா கொண்டுவரீங்க."

"இதெல்லாம் நான் காப்பாத்துன உசிருடி. எண்ணி வை."

ஒரு சீட்டு மட்டும் வீட்டுக்கு வரவில்லை. வெட்டவென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த பெல்ட்டை முதலாளி எடுத்து நீட்டினார். "இன்னிக்கு ஒரு தடவை. நாளைக்கு வெட்டிக்கோ." குவாரிக்குப் போகிற வழியில் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் அங்கே வண்டிகள் புதையும். அவர் வழக்கம்போல லாரிக்குப் பின்னால் நின்று தோளைக் கொடுத்தார். பாடியில் இரண்டு தட்டு தட்டினார், தட், தட். 'இழு' என்று அர்த்தம். இழுத்தார்கள். பெல்ட் அறுந்தது. லாரி பின்னால் வழுக்கி அவர்மேல் போனது.

காரியம் முடிந்ததும் முதலாளி வீட்டுக்கு வந்தார். புருஷன் வைத்திருந்த கத்தியை அவள் கையில் கொடுத்தார். "நீயே வந்து பாரும்மா. உனக்கும் ஒரு வழி வேணுமில்ல?" அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லலாம்தான். வயிறு ஒன்று இருக்கிறதே. கொக்கி மாட்டுகிற இடத்துக்கு அவளுடைய தம்பியைச் சேர்த்துக்கொண்டார். மூன்று பிள்ளைகளுக்கு அப்பன் அவன்.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒருநாள் தம்பி பட்டறைக்குத் திரும்பியதும் நேராக அவளிடம் வந்தான்.

"அக்கா, வின்ச் மீட்டர் ரிப்பேரா?"

"ஏன்?"

"அஞ்சு டன் லாரி, பாதி டயர் உள்ள. பாரம் காட்டுற முள்ளு ஒரு டன்னைத் தாண்டலை. வெண்ணெயில இருந்து முடி உருவுற மாதிரி வருது."

"நல்லதுதானே."

"பின்னாடி யாருமே இல்லக்கா. ஆனா தட்டுற சத்தம் கேட்டுச்சு... ரெண்டு தட்டு."

அவள் கையிலிருந்த பெல்ட் வாளிக்குள் நழுவியது.

"பின் கதவு பூரா சேறு. ஒரு இடம் மட்டும் துடைச்ச மாதிரி இருந்துச்சு. தோள் வச்ச அளவுக்கு."

"வாயை மூடுடா."

"மாமாதானோன்னு..."

"மூடுன்னு சொன்னேன்."

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உடம்பில் ஓர் எலும்பு மிச்சமில்லாமல் நொறுக்கிப் போட்டாயிற்று. இன்னுமா அந்த முதலாளிக்கு உழைக்க வேண்டும்?

ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான். விஷயம் முதலாளி காதுக்கும் போனது. வேறு ஆளாக இருந்தால் மந்திரிக்கப் போயிருப்பார். அவர் சிரித்தார். சிவப்பு பெல்ட் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பச்சை வாங்கினார்.

"ஒரு டன்னுதானே கேக்குது? அஞ்சு டன் பெல்ட்டு என்ன அழகு பாக்கவா?"

"ஐயா, ஒருநாள் அவர் தள்ளலைன்னா? என் தம்பி பக்கத்துல நிக்கிறான்."

"ஏன் தள்ளமாட்டான்? உசிரோட இருந்தப்பவே லீவு போடாதவன்."

அவள் போய் வாளியில் கிடந்த பெல்ட்டைக் கழுவினாள்.

அது நடந்த நாள் காலையில்தான் புதுப் பச்சை பெல்ட் ஒன்று உறையைப் பிரித்து அவள் கையால் போனது. தடவிப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. சீட்டு உறுதியாகத் தைத்திருந்தது. மத்தியானம் குவாரிப் பள்ளத்தில் லாரி புதைந்ததாகப் போன் வந்தது. அவள் கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மிச்சமிருந்த ஒரே சிவப்பு பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதலாளி ஓட்டிய மீட்பு வண்டியில் தம்பியோடு தானும் ஏறினாள்.

பள்ளத்தில் லாரி சாய்ந்து கிடந்தது. லாரி டிரைவர் ஒதுங்கி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தம்பி முன்பக்கம் பச்சை பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அதைக் கழட்டுடா. இதை மாட்டு."

"மாட்டுனதை மாட்டுனபடி விடு," என்றார் முதலாளி. "சிவப்பு தேயக்கூடாது. வேற இடத்து வேலைக்கு வேணும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

அவள் சிவப்பு பெல்ட்டைச் சேற்றில் போட்டாள். லாரிக்குப் பின்னால் நடந்தாள். அங்கே யாரும் இல்லை. சேறு மட்டும் இரண்டு இடத்தில் அமுங்கியிருந்தது. கால் ஊன்றி நின்ற மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

"ஏங்க," என்றாள்.

காற்று இல்லை. பீடிப்புகை மட்டும் வந்தது.

"போதுங்க. இந்த ஆளுக்கு உழைச்சது போதும். தள்ளாதீங்க... வீட்டுக்கு வாங்க."

தட்.

பாடித் தகரம் அதிர்ந்தது. லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

தட்.

"பாத்தியா, வந்துட்டான்," என்றார் முதலாளி. தானே மீட்பு வண்டியின் கேபினில் ஏறி வின்ச் லிவரை இழுத்தார்.

ரோப் விறைத்தது.

முள் ஒன்றைத் தொட்டது. எப்போதும் அங்கேதான் நிற்கும்.

இன்று நிற்கவில்லை.

ஒன்றரை... இரண்டு...

"ஐயா, நிறுத்துங்க," என்றான் தம்பி.

மூன்று.

அவள் பார்த்தாள். சேற்றில் புதிதாக ஒரு கால்தடம். அப்புறம் இன்னொன்று. லாரியைச் சுற்றி... முன்பக்கமாக...

"தம்பி, தள்ளிப் போடா!"

அவன் போகவில்லை. அவனை யாரோ பிடித்துத் தள்ளினார்கள். அப்படியே பக்கவாட்டில் போய் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தான்.

ஒரு சத்தம்.

அவ்வளவுதான்.

பெல்ட் அறுந்ததில் ரோப்பின் கொக்கி தெறித்து மீட்பு வண்டிக் கேபினின் பின்கண்ணாடிக்குள் போனது. முதலாளி பிழைத்துக்கொண்டார். தாடை போனது, நாக்கும் பாதி போனது. இன்றைக்கும் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் அந்த வழியாகப் போனால் மட்டும் உறுமுகிறார்.

விசாரணைக்கு வந்தவர்கள் பெல்ட்டின் இரண்டு நுனியையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். இழுத்து அறுந்தால் நுனி விளக்குமாறு மாதிரி விரியும். இது விரியவில்லை. சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டிய வெட்டு. சீட்டில் இரண்டு டன் என்று போட்டிருந்தாலும் புதுப் பெல்ட் அதைப்போலப் பல மடங்கு தாங்கும், மூன்று டன்னுக்கு அறுந்து போகாது என்று அவர்களே சொன்னார்கள். அவளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கத்தி பூட்டிய அலமாரிக்குள்ளேயே இருந்தது. அவள் வெறுங்கையோடு லாரிக்குப் பின்னால் நின்றதை டிரைவர் பார்த்திருந்தார். ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. பெல்ட்டின் சீட்டையும் காணவில்லை. சேற்றைக் கிளறித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

வேலை போனது. தம்பி வேறு ஊரில் பஸ் கழுவுகிறான். அவன் தோளில் ஐந்து விரல் கன்றிப்போன இடம் இன்னும் முழுசாக மாறவில்லை. பள்ளத்தில் இப்போது ஐந்து டன் லாரி ஐந்து டன்னாகத்தான் கனக்கிறது. தட்டுகிற சத்தம் இல்லை. மழை வந்தால் அவள் அங்கே போய்க் கொஞ்சநேரம் நின்று பார்க்கிறாள். போதும் என்று தானே சொல்லி அனுப்பிய ஆளை எங்கே என்று தேடுவது?

பெல்ட் அறுந்த அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை அவள் விசாரணையில் சொல்லவில்லை. வீட்டைத் திறந்தபோது கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போனதிலிருந்து அவள் துவைக்காமல் வைத்திருந்த சட்டை. அதன் வலது தோள் ஈரமாக இருந்தது. குவாரிச் செம்மண்.

பையில் கைவிட்டாள்.

பச்சைச் சீட்டு. இரண்டு டன். தையல் நூல்கூட அப்படியே இருந்தது.