ரயிலுக்குப் போட்ட பொலித்தீன்

மாவனல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ராகினிக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் லேசில் இறங்காது. கல்யாணமாகி வந்த புதிதில், தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்ததற்காகத் துரை பங்களா வாசலில் வெறுங்குடத்தோடு போய் உட்கார்ந்து, குழாய் சரியான பிறகே எழுந்தவள். அதைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இன்றும் சொல்வார்கள்.

கணவன் விஜேந்திரன் அவளுக்கு நேர் எதிர். மாவனல்லை பஜாரில் மஹ்ரூப் நானாவின் மின்சாமான் கடையில் அவனுக்கு வேலை. யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டான். ஓடாமல் கிடந்த விளையாட்டு ரயில் ஒன்றை நானா அவனுக்குக் கொடுத்ததிலிருந்து, வீட்டின் பின்னறை அவனுடைய ரயில்வே ஆகிவிட்டது. பழைய கதவுப் பலகைமேல் றம்புக்கனை ஸ்டேஷன். அங்கிருந்து மேலே ஏறும் மலை, சுரங்கங்கள், ஒரு பாலம், பசை ஊற்றிக் காயவைத்த ஓடை. "இருக்கிற எடத்தையும் அடைச்சுப்புட்டீங்களே" என்று முதலில் சலித்துக்கொண்ட ராகினிதான், பிறகு ஸ்பொஞ்சைக் கிள்ளிக் கிள்ளிப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, மலை முழுக்கத் தேயிலைச் செடி நட்டாள். தீபாவளிக்கு லயமே திரண்டு வந்து பார்த்தது.

அதற்குப் பிறகுதான் எதிர் மலையில் கல் உடைக்கும் மெஷின் வந்தது. காலையில் சுற்றத் தொடங்கினால் வெள்ளைப் புழுதி கிளம்பி, காற்றோடு இறங்கி, கூரை, கொடித்துணி, சோற்றுப் பானை என்று ஒன்று விடாமல் படிந்தது. ரப்பர் மரத்துச் சிரட்டைப் பாலிலும் விழுந்தது.

"பால்ல மண்ணு கெடக்கு. கண்ண எங்க வச்சுக்கிட்டு வேல செய்ற?" என்று கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் ராகினியை ஏசினார். அவள் எதிர் மலையைக் கைகாட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டிலும் ரயில் விக்கி விக்கி ஓடியது. தண்டவாளத்தில் தூசி படிந்தால் எஞ்சினுக்குக் கரண்ட் ஏறாது. விஜேந்திரன் தினமும் ஸ்பிரிட் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைத்தான். தூரிகையால் தட்டினால் செடியே பிடுங்கிக்கொண்டு வந்ததால், ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்து ஊதினான். கண்ணாடிபோல மின்னிய ஓடைதான் அதிகம் கெட்டது. சாம்பல் கரைத்த குட்டையாகிவிட்டது. சுரங்க வாய்களில் பஞ்சு அடைத்தான். சன்னலுக்கு நுளம்பு வலை, கதவடிக்கு ஈரச் சாக்கு. ஒன்றும் போதாமல், மூங்கில் சட்டம் கட்டிப் பெரிய பொலித்தீன் ஒன்றை மேலே கூடாரமாக இழுத்துவிட்டான்.

"இனிப் பரவால்ல" என்றான்.

அந்தச் சொல்தான் ராகினிக்குப் பொறுக்கவில்லை.

"எது பரவால்ல? ரயிலுக்குக் கூடாரம் போட்டுட்டீங்க. பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா இருமி இருமிச் சாகுறாங்களே, அவங்களுக்கு என்னத்தப் போடுவீங்க? அவன் தூசி கெளப்புவான், நாம மூடிக்கிட்டே இருக்கணுமா?"

"நாம சொன்னா யாரு கேப்பா?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

அவன் கூடாரத்தின் முடிச்சை இறுக்கினான். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவளே பிரதேச செயலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி சிங்களத்தில், "தூவிலி நேனே" என்றார். தூசியே இல்லையாம். மெஷின் முதலாளி தண்ணீர் அடித்துத்தான் கல் உடைக்கிறாராம், அவரே சொன்னாராம்.

வீட்டுக்கு வந்த ராகினி நேரே பின்னறைக்குப் போய்ப் பொலித்தீனின் முடிச்சை அவிழ்த்தாள். விஜேந்திரன் பதறி ஓடிவந்தான்.

"என்ன செய்யப்போற?"

"கொண்டுபோய்க் காட்டப்போறேன்."

அவன் போய் மறுமுனையைப் பிடித்தான். "ஒதறிராத. உள்பக்கமா மடி" என்றான். அடுத்த நாள் கடைக்கு லீவு போட்டு அவனும் கூடவே போனான்.

அதிகாரியின் மேசைமேல் ராகினி அதை விரித்தாள். வெள்ளைத் தூள் பைல்களில் கொட்டியது, தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. அவர் இருமிக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். விளையாட்டு ரயிலுக்கு மேலே கட்டியிருந்தது என்றான் விஜேந்திரன். பக்கத்து மேசைக் கிளார்க் சிரித்துவிட்டான்.

ராகினிக்குக் காது சூடேறியது. சிங்களத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சிரிக்காதீங்க, மாத்தயா. இது ஒரு கெழமைத் தூசி. ரயிலுக்கு மேல பொலித்தீன் இருந்துச்சு. நாங்களும் அதே வீட்லதான் படுக்கிறோம். எங்களுக்கு மேல ஒண்ணும் இல்ல."

சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் தூசி அளக்கும் கருவியோடு ஆட்கள் வந்தார்கள். சுற்றிலும் அடைத்துக் கொட்டகை போடும்வரை மெஷினைச் சுற்றக்கூடாது என்று உத்தரவானது. லயத்து ஆட்கள் ராகினியைக் கொண்டாடினார்கள். அவளுக்கோ மனம் ஆறவில்லை. மூக்காயி அக்காவின் இருமல் எந்த உத்தரவுக்கும் நிற்கவில்லை.

ஒருநாள் அந்த அதிகாரியே ரயிலைப் பார்க்க வந்தார். விஜேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. சுரங்கத்துப் பஞ்சை எடுத்து, ரயிலை ஓட்டிக்காட்டினான். அவர் குனிந்து நின்று ரசித்தார். ராகினி தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"ஒரு கேள்வி, மாத்தயா. மொத நாளு நான் வாயால சொன்னப்ப ஏன் நம்பல? மொதலாளி சொன்னதும் வாயாலதானே?"

அவர் பாலத்தைக் காட்டி, இதை எதில் செய்தீர்கள் என்று விஜேந்திரனிடம் கேட்டார். ராகினி பதிலுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு, மூக்காயி அக்காவுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.