தழை போட்ட கை

மலைமேல் குண்டூர் நாட்டுச் சென்றாயன் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். சந்தையில் சாமான் மடித்துத் தந்த காகிதங்களைப் பிரித்து வைத்துத் தாமே எழுத்துக்கூட்டப் பழகியவர். அந்த எழுத்தில் அவர் எழுதிய மனுக்களில் பதினொன்று ‘ஆதாரமில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அனைத்தையும் தேதிவாரியாகச் சுருட்டி ஒரு மூங்கில் குழலில் பத்திரப்படுத்தியிருந்தார்.

மனுவின் பொருள் ஒன்றே. மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் கணவாய்ப் பாதையை, அடிவாரத்துச் சென்னியப்பன் தம் சோளக்காட்டோடு சேர்த்து முள்வேலியால் அடைத்துவிட்டார். அங்கே வழியே இருந்ததில்லை என்றும் சாதித்தார். மாற்றுவழியில் சுற்றினால் அரை நாள் கூடும். அந்தச் சுற்றுவழிச் சரிவில்தான் சென்றாயனின் மனைவி பாவாயி மிளகுச் சுமையோடு வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் மனுவுக்கு, 1931 மாசியில், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். வேலியை விலக்கி, அவரும் சென்னியப்பனும் சென்றாயனும் பாவாயியுமாக நால்வரும் ஏறினார்கள்.

“ஆடு மேயற தடமுங்க இது. பொறந்ததுலிருந்து நான் இதுல ஏறினதே இல்லீங்க” என்றார் சென்னியப்பன்.

“ஏறாத ஆளுக்குக் கால் நல்லாத்தான் பழகியிருக்குது” என்றாள் பாவாயி.

சென்றாயன் கண்ணாலேயே அவளை அடக்கினார். கணவாய் உச்சியில், பாதைக்குத் தெரியாமல் ஒரு பாறையின் பின்னே தழைக்குவியல் உண்டு. கடப்பவர் ஒவ்வொருவரும் ஒரு கொத்து போட்டுச் செல்வது வழக்கம். அதைக் காட்டலாம், ஆனால், ‘நேத்து நீயே குவிச்சது’ என்று சென்னியப்பன் சொல்லிவிட்டால்?

உச்சி வந்தது. சென்னியப்பன் வியர்வையைத் துடைத்தார். கை தன்பாட்டுக்கு ஓரத்து விராலிச் செடியில் கொத்தொன்றை ஒடித்தது. பாறையைச் சுற்றிப் போய், கொத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“அங்கே என்ன?” என்று இன்ஸ்பெக்டர் பின்னால் போய்ப் பார்த்தார். மார்பளவுக் குவியல். தடியால் கிளறினார், அடித்தழை மக்கிக் கறுப்பு மண்ணாகியிருந்தது.

“ஏறினதே இல்லைன்னீரே. இந்த இடம் எப்படித் தெரியும்?”

“தழை போடாம எறங்கினா முட்டி புடிச்சுக்குமுங்க. எங்க அப்புச்சி காலத்துலிருந்தே…” சென்னியப்பன் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

“அப்புச்சியும் ஆடுதானுங்களா?” என்றாள் பாவாயி.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சென்னியப்பன் சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கினார். வேலியை எட்டு நாளில் எடுக்க உத்தரவாயிற்று.

“எசமாங்க, நகல் ஒண்ணு வேணுமுங்க” என்றார் சென்றாயன்.

அந்த வாக்குமூலத்தின் நகல் வந்தது. பதினொரு மனுக்களுக்கும் மேலாக அதைக் குழலில் செருகினார். அதில் அவர் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை.