கருவாட்டு வரி

தருவைகுளம் கடற்கரையில், வெயில் ஏறிய மணலில் நின்ற சாரின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. எழுபதுகளில் தூத்துக்குடியில் விற்பனை வரி அலுவலகம் ஒன்றில் நான் தட்டச்சர், அவர் எங்கள் அதிகாரி. பச்சை மீனுக்கு வரியில்லை, கருவாட்டுக்கு உண்டு, அதையும் முதலில் விற்பவரிடமே வாங்க வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அந்த முதல் விற்பனையாளர்கள் மீன் உலர்த்தும் பெண்கள். அவர்களிடம் பேசத் துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

ஒருத்தி நிமிர்ந்து கேட்டாள். "வித்தா அது மீனு. விக்காம கெடந்தா உப்பப் போட்டுக் கருவாடாக்குதோம். விக்காததுக்கா வரி கேக்கிய?"

சார் சொந்தச் செலவில் சென்னைக்குப் போனார். வெளியூருக்கு லாரி ஏற்றும் மொத்த வியாபாரியிடம் வாங்கினால் போதும், வரியும் ஒழுங்காக வரும் என்று மேலிடத்தில் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்தார்.

"வரி போடுறது அவங்க வேலையாம், வசூலிக்கிறது நம்ம வேலையாம்" என்றார். "போடுறவங்க ஒரு நாளாவது அந்த மணல்ல வந்து நிக்கணும்மா."

வசூல் நடந்தது. பெண்கள் அவர் தலையைக் கண்டதும் வாய்விட்டுச் சபித்தார்கள். மந்தமான வசூலுக்கு மேலிடத்தின் ஏச்சும் அவருக்கே. குடும்பம் வேலூரில். இங்கே வரி அதிகாரி என்று சாப்பாட்டுக்கடைக்காரர் காசு வாங்க மறுத்ததால் அங்கே போவதை நிறுத்திவிட்டார். வேறு கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகும். பிறகு ஸ்டவ் வாங்கி அறையிலேயே பொங்கிக்கொண்டார். மதியம் துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம் தனியாகத் தயிர்சோறு சாப்பிடுவார். நாங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவரை மாற்றியபோது ரயிலடிக்கு நானும் பியூனும் மட்டும் போனோம்.

அவர் போன பிறகு உத்தரவு திருத்தப்பட்டது. அவர் கேட்டபடியேதான். அவர் பெயர் எதிலும் இல்லை.

பல வருடம் கழித்து, அன்று மணலில் கேள்வி கேட்ட அதே பெண் சந்தையில் என்னை அடையாளம் கண்டாள். "கருவாட்டுக்கு வரி போட்ட அந்த மனுசன் இருக்காராம்மா? என்ன பாடு படுத்துனாரு."

இறந்துவிட்டார் என்றேன். வரியை மாற்றச் சொல்லி முதலில் சென்னைக்குப் போனவர் அவர்தான் என்பதையும் சொன்னேன். கூடையின் மேல் கையை வைத்தாள்.

"ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லிருக்கலாம்லா" என்றாள். "வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டிருப்போமே."